மணமாகி பெங்களூரு வந்தவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள்: வாசல் வாசலாக ஒரு முழுமையான வழிகாட்டி

திருமணம் முடிந்த மூன்றாவது வாரம் நான் பெங்களூரு வந்து சேர்ந்தேன். வந்த நான்காம் நாளே சமையலறைக் குழாயின் தலை கழன்று, தண்ணீர் சுவர் வரை பீய்ச்சி அடித்தது. கணவர் அலுவலகத்தில் இருந்தார். வீட்டு உரிமையாளர் கீழ்த்தளத்தில்தான் இருந்தார், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கன்னடமும் இந்தியும் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம் ஒன்றுதான். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்த ஆங்கிலம் அன்று வாய்க்கு வரவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துக் குழாயில் சுற்றிவிட்டு, மாலை ஏழரை மணி வரை வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன். எனக்குத் தேவைப்பட்டவை 'டாப்', 'லீக்', 'வால்வ்' என்ற மூன்றே சொற்கள். மூன்றும் எனக்கு முன்பே தெரிந்தவை. எந்த இடத்தில் அவற்றை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தந்ததில்லை.

அதன் பிறகு ஊரிலிருந்து புதிதாக மணமாகி வரும் பெண்கள், சில வேளை மாப்பிள்ளைகளும், அல்சூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறு மாலைகளில் கூடத் தொடங்கினார்கள். அவர்களோடு உட்கார்ந்து பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஆயிரம் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்த ஆண்டு நீங்கள் எந்தெந்த வாசலில் நிற்கப்போகிறீர்களோ, அந்த வாசலுக்குரிய சொற்கள் போதும். கணவர் வீடு திரும்பும் வரை காத்திருக்காமல் உங்கள் காரியத்தை நீங்களே பேசி முடிக்க முடிந்தால், அதுதான் தேர்ச்சி.

தொடங்கும் முன்: எங்கே ஆங்கிலம் வேண்டாம்

சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், அல்சூர் சந்தைகளில் தமிழே போதும். ஆட்டோவிலும் பஸ்ஸிலும் மளிகைக் கடையிலும் கன்னடம்தான் மரியாதை. 'எஷ்டு' என்றால் எவ்வளவு, 'பேகு' என்றால் வேண்டும், 'பேடா' என்றால் வேண்டாம், 'ஸ்வல்ப' என்றால் கொஞ்சம். இந்த நான்கையும் முதல் வாரத்திலேயே பழகிவிடுங்கள். ஆங்கிலம் உண்மையில் தேவைப்படும் இடங்கள் குறைவு: விண்ணப்பப் படிவம், வாடகை வீடு, வங்கி, மருத்துவமனை, அடுக்குமாடி அண்டை வீட்டார், கணவரின் அல்லது மனைவியின் அலுவலக நண்பர்கள். நம் உழைப்பை அங்கே மட்டும் செலவிடுவோம்.

முதல் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் சொல், இரண்டாவதில் அதை யார் உங்களிடம் சொல்வார்கள், மூன்றாவதில் நீங்கள் சொல்லப்போகும் முழு வாக்கியம். அகராதிப் பொருள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாம் பத்தி காலியாக இருக்கக் கூடாது. 'நாமினி' என்ற சொல்லின் பொருள் தெரிந்திருந்தும் வங்கியில் வாய் திறக்க முடியாமல் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். 'ஐ வான்ட் டு சேஞ்ச் மை நாமினி' என்ற வாக்கியத்தை வைத்திருந்தவர்கள் ஒருவரும் திரும்பியதில்லை. ஒலிப்பு பழகும் வரை தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. படிவத்தில் நிரப்ப வேண்டிய சொற்களுக்கு மட்டும் ஆங்கில எழுத்துகளைப் பக்கத்தில் பழகுங்கள்.

இரண்டாம் படி: உங்கள் திருமணத்தைச் சொல்வது

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 'கல்யாணம் முடிந்துவிட்டது' என்று நாம் மகிழ்ச்சியோடு சொல்வதை அப்படியே பெயர்த்து 'மை மேரேஜ் இஸ் ஓவர்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர் காதில் அது 'என் மணவாழ்க்கை முறிந்துவிட்டது' என்று விழும். என்னோடு படித்த ஒரு பெண் தன் கணவரின் மேலாளரிடம் சிரித்த முகத்தோடு இப்படிச் சொன்னாள். அவர் சற்று நேரம் பேசாமல் நின்று, 'ஐ ஆம் சாரி' என்றார். பக்கத்தில் நின்ற கணவருக்கே விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. சொல்ல வேண்டியது 'ஐ காட் மேரிட் இன் மே' அல்லது 'வீ காட் மேரிட் லாஸ்ட் மன்த்'.

'வெட்டிங்' என்பது தாலி கட்டிய அந்த நாளின் சடங்கு. 'மேரேஜ்' என்பது அன்று தொடங்கி நீளும் மணவாழ்வு. அதனால்தான் ஆல்பம், புடவை, அழைப்பிதழ் எல்லாம் 'வெட்டிங்' என்று தொடங்கும், சான்றிதழ் மட்டும் 'மேரேஜ் சர்டிஃபிகேட்'. ஆண்டுதோறும் வருவது 'வெட்டிங் அனிவர்சரி'. 'வெட்டிங் டே' என்றால் மணநாள் ஒன்றே ஒன்று.

யாரை மணந்தீர்கள் என்று சொல்லும்போது 'மேரிட் டு' என்றுதான் வரும். தமிழில் 'அவரோடு திருமணமானது' என்று நினைத்து 'வித்' போட்டுவிடுகிறோம். இந்த ஒரு சிறு சொல்லை மாற்றிக்கொண்டால் பேச்சு உடனே துலங்கும்.

'ப்ரைட்', 'க்ரூம்' இரண்டும் மணமேடைக்கு உரியவை. ஒரு மாதம் கழித்து அவற்றைச் சொல்வதில்லை. 'ஸ்பௌஸ்' என்பது கணவன், மனைவி இருவருக்கும் பொதுவான சொல், படிவங்களில்தான் அதிகம் பார்ப்பீர்கள். வாக்களித்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து அது வந்தது. 'ஹஸ்பண்ட்' பழைய நார்ஸ் மொழிச் சொல்; வீட்டில் குடியிருப்பவன், வீட்டுக்கு உரியவன் என்பது அதன் முதற்பொருள். நம் 'இல்லாள்' என்ற சொல்லும் இல்லத்திலிருந்து பிறந்ததுதானே.

மூன்றாம் படி: உறவுகள்

தமிழ் உறவுச் சொற்களின் செல்வம் ஆங்கிலத்தில் இல்லை. நாத்தனார், அண்ணி, கொழுந்தியாள், ஓரகத்தி எல்லோரையும் அது 'சிஸ்டர்-இன்-லா' என்ற ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. கொழுந்தன், மைத்துனன், சகலை எல்லோரும் 'பிரதர்-இன்-லா'. கேட்பவருக்குக் குழப்பம் வராமல் இருக்க உறவை உடைத்துச் சொல்லுங்கள்: நாத்தனார் 'மை ஹஸ்பண்ட்ஸ் சிஸ்டர்', அண்ணி 'மை பிரதர்ஸ் வைஃப்', கொழுந்தியாள் 'மை வைஃப்ஸ் சிஸ்டர்'. ஓரகத்திக்கு 'கோ-சிஸ்டர்', சகலைக்கு 'கோ-பிரதர்' என்று தென்னிந்தியாவில் நாம் ஆக்கிக்கொண்ட சொற்கள் பெங்களூரில் தாராளமாகச் செல்லும். வெளிநாட்டவரிடம் மட்டும் விளக்க வேண்டியிருக்கும்.

சம்பந்தி என்பதற்கு வழக்கில் நேர்ச்சொல் இல்லை. 'மை சன்ஸ் இன்-லாஸ்' என்று சுற்றிச் சொல்ல வேண்டும். 'இன்-லாஸ்' என்றால் புகுந்த வீட்டார் முழுவதும்; மாப்பிள்ளைக்கு அது மாமனார் வீட்டார். ஒன்றை மறக்க வேண்டாம்: 'மதர்-இன்-லா' என்பது மாமியாரைப் பற்றிப் பிறரிடம் பேசும் சொல். அவரை அழைக்க அத்தைதான், அம்மாதான். எந்த ஊருக்குப் போனாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: படிவத்தில் உங்கள் பெயர்

எங்கள் திண்ணையில் அதிக நேரம் எடுப்பது இதுதான். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. படிவமோ 'கிவன் நேம்', 'சர்நேம்' என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கும். செ. கயல்விழி என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம், தந்தை செல்வராசு. 'கிவன் நேம்' என்றால் உங்களுக்கு இட்ட பெயர்: கயல்விழி. 'சர்நேம்' கட்டத்தில் தலைப்பெழுத்தை விரித்து, செல்வராசு. 'லாஸ்ட் நேம்', 'ஃபேமிலி நேம்' இரண்டும் அதே கட்டத்தின் மறுபெயர்கள். 'மெய்டன் நேம்' என்று கேட்டால் திருமணத்துக்கு முன் வழங்கிய பெயர்.

திருமணமானால் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்ற விரும்பினால் மாற்றலாம், விரும்பாவிட்டால் பிறந்த வீட்டுத் தலைப்பெழுத்தோடு வாழ்நாள் முழுவதும் இருக்கலாம். எதைச் செய்தாலும் எல்லா ஆவணங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கட்டும். பான் அட்டையில் திருமணத்துக்குப் பிறகும் கணவர் பெயர் வராது. அங்கே பெற்றோர் பெயர்தான். இது தெரியாமல் திருத்தம் கேட்டு அலைந்தவர்கள் உண்டு.

'மேரிட்டல் ஸ்டேட்டஸ்' என்றால் மணமானவரா இல்லையா என்ற நிலை. திருமணப் பதிவுப் படிவத்தில் மணத்துக்கு முந்தைய நிலையைக் கேட்கும்போது 'பேச்சலர்', 'ஸ்பின்ஸ்டர்' என்ற சொற்களைக் காணலாம். 'ஸ்பின்ஸ்டர்' என்றால் மணமாகாத பெண், அவ்வளவுதான். பேச்சில் அது வசவுபோல ஒலிக்கும், படிவத்தில் அப்படியில்லை. அதே படிவத்தில் 'டேட் ஆஃப் சாலமனைசேஷன்' என்று வந்தால் சடங்கு நடந்த தேதி, 'டேட் ஆஃப் ரெஜிஸ்ட்ரேஷன்' என்றால் பதிவு செய்த தேதி. இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் பின்னால் பாஸ்போர்ட் வரை அந்தப் பிழை துரத்தும். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணப்பவர்கள் 'நோட்டீஸ்' என்ற சொல்லையும் அறிந்திருக்க வேண்டும். அது 30 நாள் முன்னறிவிப்பு. 'விட்னஸ்' என்றால் சாட்சி. அந்தச் சட்டப்படி மூன்று பேர் வேண்டும்.

இன்னொன்று. அலுவலர் படிவத்தில் அடித்தல் திருத்தல் இருக்கும் இடத்தைக் காட்டி 'புட் யுவர் இனிஷியல்ஸ் ஹியர்' என்பார். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் எழுதிவிடுகிறோம். அவர் கேட்பது சுருக்கக் கையெழுத்து. 'செல்ஃப் அட்டெஸ்ட்' என்றால் நகலின் மேல் நீங்களே கையெழுத்திடுவது. 'அஃபிடவிட்' என்றால் நோட்டரி முன்னிலையில் எழுதித்தரும் பிரமாணப் பத்திரம்.

ஐந்தாம் படி: வாடகை வீடு

பெங்களூரில் 'டு-லெட்' பலகை பார்த்துக் கதவைத் தட்டினால் வரும் முதல் கேள்வி 'ஃபேமிலி ஆர் பேச்சலர்?'. நீங்கள் இருவர் மட்டுமே என்றாலும் 'ஃபேமிலி' என்று சொல்லுங்கள். இங்கே அந்தச் சொல்லுக்கு மணமானவர்கள் என்று பொருள். குழந்தை பிறந்தாக வேண்டியதில்லை.

'ரென்ட்', 'லீஸ்' இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆங்கில அகராதியில் 'லீஸ்' என்பது குத்தகை ஒப்பந்தம். பெங்களூரு வீட்டு விளம்பரத்தில் அது நம் ஊர் ஒத்தி: ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்பப் பெறுவது. சில லட்சங்கள் கைமாறும் விஷயம். எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்த பிறகே பணத்தை எடுங்கள்.

பத்து மாத வாடகையை 'டெபாசிட்' ஆகக் கேட்பது இந்த நகரின் நெடுநாள் வழக்கம். இப்போது பல இடங்களில் அதைவிடக் குறைவாகவும் பேசி முடிக்கிறார்கள், ஆகவே கேளுங்கள்: 'கேன் யூ ரெட்யூஸ் தி டெபாசிட்?' ஒப்பந்தம் ஏன் 11 மாதத்துக்கு மட்டும் என்று பலரும் கேட்கிறார்கள். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதைத் தவிர்க்கத்தான் 11. ஒப்பந்தத்தில் நீங்கள் விரல் வைத்துத் தேட வேண்டிய சொற்கள் இவை: 'லாக்-இன் பீரியட்' என்றால் அதற்குள் காலி செய்ய முடியாத காலம். 'நோட்டீஸ் பீரியட்' என்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது. 'பெயின்டிங் சார்ஜஸ்' என்றால் காலி செய்யும்போது வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்ளும் தொகை. ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே பரவலான வழக்கம். 'வேர் அண்ட் டேர்' என்றால் புழக்கத்தால் வரும் இயல்பான தேய்மானம். அதற்காகப் பணம் பிடிக்கக் கூடாது என்று எழுதச் சொல்லுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். 'காவேரி வாட்டர் ஆர் போர் வாட்டர்?', அதாவது மாநகரக் குழாய்த் தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா என்பது முதல் கேள்வி. 'சம்ப்' என்றால் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டி. 'டேங்கர்' வாங்கினால் செலவு யாருடையது என்பது இரண்டாவது கேள்வி. 'மெயின்டெனன்ஸ்' என்ற சொல் அடுக்குமாடியில் மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம். அதே சொல் நீதிமன்றத்தில் ஜீவனாம்சம். 'ரென்ட் இன்க்ளூடிங் மெயின்டெனன்ஸ்?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வாசற்காவலர் இன்டர்காமில் அழைத்து 'டெலிவரி' என்பார். பார்சல் வந்திருக்கிறது, மேலே அனுப்பலாமா என்று கேட்கிறார். 'யெஸ், ப்ளீஸ் சென்ட்' அல்லது 'ப்ளீஸ் கீப் இட் அட் தி கேட்' போதும். பழுதுக்கு மூன்று வாக்கியங்களை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்: 'தி டாப் இஸ் லீக்கிங்.' 'வேர் இஸ் தி மெயின் வால்வ்?' 'ப்ளீஸ் சென்ட் எ ப்ளம்பர் டுடே.' என் அனுபவத்தில் இவை ஒரு முழுப் பகலை மிச்சப்படுத்தும்.

ஆறாம் படி: வங்கியும் காப்பீடும்

கூட்டுக் கணக்குக்கு 'ஜாயின்ட் அக்கவுன்ட்'. அதை எப்படி இயக்குவது என்ற கட்டத்தில் 'ஐதர் ஆர் சர்வைவர்' என்றிருந்தால் இருவரில் எவர் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், ஒருவர் மறைந்தால் மற்றவர் தொடரலாம். 'ஜாயின்ட்லி' என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். 'நாமினி' என்பவர் வைப்புத் தொகையைப் பெற்றுக்கொள்பவர். வாரிசுரிமை அதனால் மாறிவிடாது. திருமணமானவுடன் வங்கி, வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு மூன்றிலும் நாமினியைப் பாருங்கள். அலுவலகக் காப்பீட்டில் மனைவியையோ கணவரையோ சேர்ப்பதை 'ஆட் ஸ்பௌஸ் ஆஸ் டிபென்டென்ட்' என்பார்கள். பல நிறுவனங்கள் திருமணத்துக்குப் பின் குறிப்பிட்ட சில நாட்களுக்குள் சேர்க்கச் சொல்லும், ஆகவே முதல் மாதமே 'வாட் இஸ் தி லாஸ்ட் டேட்?' என்று கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: மருத்துவரின் அறை

இந்த வாசலில்தான் நம் பெண்கள் அதிகம் வாயடைத்துப் போகிறார்கள், மாமியாரோ கணவரோ பதில் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் உடலைப் பற்றி நீங்கள் பேசுங்கள்.

மகப்பேறு மருத்துவர் 'கைனகாலஜிஸ்ட்'. முதல் கேள்வி பெரும்பாலும் 'எல்.எம்.பி.?' என்று இருக்கும். கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளைக் கேட்கிறார். தேதியைச் சொன்னால் போதும். 'ஆர் யுவர் பீரியட்ஸ் ரெகுலர்?' என்றால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பது. 'ஆர் யூ ஸ்டேயிங் டுகெதர்?' என்று கேட்டால் ஒரே வீட்டில் இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்கவில்லை, தாம்பத்திய உறவு உண்டா என்பதை நாகரிகமாகக் கேட்கிறார். பதில் சொல்லக் கூச வேண்டாம்.

'கான்சாங்குவினியஸ் மேரேஜ்?' என்ற நீண்ட சொல் நம்மவர்களுக்கு மிகவும் முக்கியமானது. சொந்தத்தில் திருமணமா என்று பொருள். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று நம் பக்கத்தில் இன்றும் மணமுடிக்கிறார்கள். அப்படியானால் மறைக்காமல் 'யெஸ், ஹீ இஸ் மை ஃபாதர்ஸ் சிஸ்டர்ஸ் சன்' என்று உறவை உடைத்துச் சொல்லுங்கள். தாய்மாமன் என்றால் 'மை மதர்ஸ் பிரதர்'. எந்தப் பரிசோதனை வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்வது இதை வைத்துத்தான். சொந்தம் இல்லை என்றால் அட்டையில் 'என்.சி.எம்.' என்று எழுதுவார்.

குழந்தை இப்போது வேண்டாம் என்றால் 'வீ வான்ட் டு வெய்ட்' என்று சொல்லி 'கான்ட்ராசெப்ஷன்', அதாவது கருத்தடை முறைகள் பற்றிக் கேளுங்கள். வேண்டும் என்றால் 'வீ ஆர் பிளானிங் எ பேபி'. அப்போது மருத்துவர் 'ஃபோலிக் ஆசிட்' எழுதித்தருவார். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்பது பொதுவான அளவு. 'ட்யூ டேட்' என்றால் பிரசவம் எதிர்பார்க்கும் நாள். 'மிஸ்கேரேஜ்' என்றால் கருச்சிதைவு. அது நேர்ந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும், அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. பழைய படிவங்களில் 'எனி இஷ்யூஸ்?' என்று இருந்தால் பிரச்சினைகளைக் கேட்கவில்லை, குழந்தைகள் உண்டா என்று கேட்கிறது.

எட்டாம் படி: பதில் சொல்லவும் மறுக்கவும்

ஊரில் 'விசேஷம் ஏதும் உண்டா?' என்று கேட்பதை இங்கே 'எனி குட் நியூஸ்?' என்று கேட்பார்கள். அன்பாகக் கேட்டாலும் சில நாள் அது நெஞ்சில் தைக்கும். 'வீ வில் டெல் யூ வென் தேர் இஸ்' என்று புன்னகையோடு சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போகலாம். விருந்துக்கு அழைத்து, போக முடியாதபோது 'வீ காண்ட் மேக் இட் திஸ் டைம்' என்பது மரியாதையான மறுப்பு. 'வாட் டூ யூ டூ?' என்று வேலையைக் கேட்டால், வெளியில் வேலைக்குப் போகாதவர்கள் 'ஒன்லி ஹவுஸ்வைஃப்' என்று தலை கவிழ வேண்டாம். 'ஐ ஆம் எ ஹோம்மேக்கர்' என்று நிமிர்ந்து சொல்லுங்கள். 'ஒன்லி' என்ற அந்தச் சொல் உங்கள் நோட்டில் இருக்கவே கூடாது.

சில வீடுகளில் வேறு சொற்களும் தேவைப்படும். எழுதாமல் விட எனக்கு மனமில்லை. 'ஐ டோன்ட் ஃபீல் சேஃப் அட் ஹோம்' என்றால் வீட்டில் எனக்குப் பாதுகாப்பில்லை. 'ஐ நீட் ஹெல்ப்' என்றால் உதவி வேண்டும். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. 'அப்யூஸ்' என்பது அடி மட்டும் அன்று. வசைமொழி, மனத்தை நோகடித்தல், செலவுக்குப் பணம் தராமல் வைத்திருப்பது எல்லாவற்றையும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. 'ஷேர்ட் ஹவுஸ்ஹோல்ட்' என்ற சொல்லை நினைவில் வையுங்கள்: வீடு யார் பெயரில் இருந்தாலும், மணமாகி வந்து வாழும் வீட்டில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்பதைக் குறிக்கும் சட்டச் சொல் அது.

ஒன்பதாம் படி: ஏழு நாள் பழக்கம்

ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியங்கள் போதும், ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காலையில் அடுப்படியில் நின்று மூன்று முறை, மாலையில் கணவர் அல்லது மனைவி எதிரே அமர்ந்து மூன்று முறை. அவர் வாசற்காவலராகவும் வங்கி ஊழியராகவும் நடிக்கட்டும். தவறு வந்தால் நடுவில் நிறுத்தித் திருத்தக் கூடாது, வாக்கியம் முடிந்த பிறகு சொல்லட்டும். இதை மட்டும் நான் எல்லோரிடமும் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்வேன், ஏனென்றால் பாதி வாக்கியத்தில் சிரித்த கணவர்களால் ஆறு மாதம் வாய் மூடிக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் மூன்று நாள் வீட்டுச் சொற்கள், அடுத்த இரண்டு நாள் பெயரும் படிவமும், ஆறாம் நாள் உறவுகள். ஏழாம் நாள் வீட்டு உரிமையாளரை நீங்களே தொலைபேசியில் அழையுங்கள். பெரிய காரியம் வேண்டாம்: தண்ணீர் எந்தெந்த நாள் வரும் என்று கேளுங்கள், 'வென் டஸ் தி காவேரி வாட்டர் கம்?' கணவர் பக்கத்தில் இருக்கலாம். தொலைபேசி உங்கள் கையில் இருக்க வேண்டும்.